பழைய ஹெவி டியூட்டி பிக்கப்பின் பின் டிரம் பிரேக் அளவைக் கண்டுபிடிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

டெக்சஸில் நான் வைத்திருக்கும் 1985 செவ்ரோலெட் கே20 பிக்கப்புக்கு முதல் முறை பின் பிரேக் ஷூ (டிரம்முக்குள் விரிந்து உரசி வண்டியை நிறுத்தும் பிறை வடிவப் பாகம்) மாற்றியபோது ஒரு சனிக்கிழமை முழுவதும் வீணானது. கடையின் இணையதளத்தில் வருடம், மாடல் போட்டுத் தேடினேன். மூன்று அளவுகள் வந்தன. முக்கால் டன் (சரக்குத் திறனை வைத்துச் சொல்லும் வகை) வண்டிக்கு இதுதான் இருக்கும் என்று நடு அளவை வாங்கிவிட்டேன். இரண்டு பக்கமும் சக்கரம் பூட்டும் நடுப் பாகமான ஹப்பைக் கழற்றி, கியர் ஆயில் தரையில் சொட்டச் சொட்ட, புது ஷூவைப் பழைய ஷூவின் மேல் வைத்துப் பார்த்தால் அகலத்தில் ஒரு அங்குலம் குறைவு. வண்டி கே20தான். ஆனால் எனக்கு முன்னால் வைத்திருந்த யாரோ ஒருவர் ஒரு டன் வண்டியின் பின் ஆக்ஸிலை அதில் மாட்டியிருந்தார். பதிவுப் புத்தகத்திலோ கதவு ஸ்டிக்கரிலோ அது இருக்காது. டிரம்மைக் கழற்றினால்தான் தெரியும்.

அன்றைக்கு எனக்குத் தெரியாமல் போனதையெல்லாம் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். நான் பேசுவது அமெரிக்காவில் 1970களிலிருந்து 2000 வரை விற்ற முக்கால் டன், ஒரு டன் பிக்கப்புகளைப் பற்றி: செவ்ரோலெட், ஜி.எம்.சி., ஃபோர்டு, டாட்ஜ். ஃபோர்டு 1999-இல் சூப்பர் டியூட்டி வரிசையைக் கொண்டுவந்தபோது பின்பக்கமும் டிஸ்க் பிரேக்குக்கு மாறியது. ஜி.எம். 1999-இல் வந்த சில்வராடோ வரிசையிலிருந்து மாறத் தொடங்கியது. அதற்கு முந்தைய வண்டிகளில் பெரும்பாலானவற்றின் பின்னால் இருப்பது டிரம்தான்.

அளவு என்றால் இரண்டு எண்கள்

டிரம் பிரேக் அளவை எப்போதும் இரண்டு எண்களாகச் சொல்வார்கள். 13×3½ என்றால், டிரம்மின் உள் விட்டம் 13 அங்குலம், ஷூவில் ஒட்டியிருக்கும் லைனிங்கின் அகலம் 3½ அங்குலம். டிரம்மின் வெளி விட்டமோ, வெளியே தெரியும் டிரம்மின் மொத்த ஆழமோ இதில் சேராது. அதை அளந்துவிட்டுக் கடைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர்.

நம் ஊர் ஆசாரியும் ஃபிட்டரும் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரித்துப் பேசுவார்கள் இல்லையா, இந்த வேலைக்கு அந்தக் கணக்கு அருமையாகப் பொருந்தும். 2½-க்கும் 3½-க்கும் எட்டு நூல் வித்தியாசம், கண்ணாலேயே பிடித்துவிடலாம். 2½-க்கும் 2¾-க்கும் இரண்டு நூல்தான். விட்டத்தில் வரும் சிக்கல்களோ ஒற்றை நூலில் இருக்கின்றன. ஃபோர்டின் இலகு ரக வண்டிகளில் 11-1/32 அங்குல டிரம் உண்டு, ஜி.எம்.மில் 11-5/32 உண்டு. இரண்டையும் "பதினொன்று" என்று சொல்லிவிட்டால் தப்பான பொருள்தான் கைக்கு வரும். வித்தியாசம் சரியாக ஒரு நூல். 1960களின் ஃபோர்டு எஃப்-250-களில் 12⅛×2 என்று ஓர் அளவு இருந்தது. அதற்கும் பின்னாளில் வந்த 12 அங்குல டிரம்முக்கும் அதே ஒரு நூல்தான் இடைவெளி.

எந்த வண்டியில் எதை எதிர்பார்க்கலாம்

ஜி.எம். வண்டிகளில் மூன்று அளவுகளை மனதில் வைத்துக்கொண்டால் போதும். 9.5 அங்குல ரிங் கியர் (ஆக்ஸிலின் நடுவில் உள்ளே இருக்கும் பெரிய பல் சக்கரம்) கொண்ட, இலகுவான முக்கால் டன் ஆக்ஸிலில் பெரும்பாலும் 11.15×2¾. 10.5 அங்குல ரிங் கியர் கொண்ட கனமான ஆக்ஸிலில் 13×2½ அல்லது 13×3½. இந்த இரண்டில் அகலமானது ஒரு டன் வண்டிகளுக்கும், பின்னால் பக்கத்துக்கு இரண்டு டயர் போட்ட வண்டிகளுக்கும் உரியது. 11.15 என்று எழுதுவதும் 11-5/32 என்று எழுதுவதும் ஒரே டிரம்மைத்தான். ஒரு கடையில் ஒரு மாதிரி, இன்னொரு கடையில் வேறு மாதிரி போட்டிருப்பார்கள்; குழம்ப வேண்டாம்.

ஃபோர்டு எஃப்-250, எஃப்-350-களில் விட்டம் பெரும்பாலும் 12 அங்குலம். அகலம் 2½ அல்லது 3. எஃப்-250-லேயே இலகு ரகம், கன ரகம் என்று இரண்டு உண்டு. பெயர்ப் பலகையை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

டாட்ஜில் 1993 வரை வந்த பழைய உடல் வண்டிகளில் 12×2½, 12×3 இரண்டும் வரும். 1994-இல் புது உடலோடு வந்த ராம் 2500-இல் பொதுவாக 13×2½, 3500-இல் 13×3½. 2000-ஐ ஒட்டி அவையும் பின் டிஸ்க்குக்கு மாறிவிட்டன.

இதை ஒரு முன்கணிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முப்பது, நாற்பது வருடம் ஓடிய வண்டியில் ஆக்ஸில் மாறியிருப்பது அதிசயமே இல்லை. ஜி.எம்.மின் 10.5 அங்குல ஆக்ஸிலின் உறுதி அமெரிக்காவில் அத்தனை பேருக்கும் தெரியும். பழைய வண்டிக் கிடங்குகளில் எளிதாகக் கிடைக்கும் என்பதால் ஃபோர்டு, ஜீப் என்று எதில் வேண்டுமானாலும் அதைக் கொண்டுவந்து பொருத்துகிறார்கள்.

வருடம் போட்டுத் தேடுவதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. ஜி.எம். 1988 மாடலில் புது உடலோடு சி, கே வரிசையைக் கொண்டுவந்தது. ஆனால் நாலு கதவு ஒரு டன் வண்டிகளைப் பழைய சதுர உடலிலேயே, ஆர், வி என்ற எழுத்துகளோடு 1991 வரை விற்றது. அதனால் "1990 செவ்ரோலெட் 3500" என்று மட்டும் சொன்னால் அது இரண்டு வேறு வண்டிகளைக் குறிக்கும். முன் எழுத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

முதலில் ஸ்டிக்கரைப் படியுங்கள்

கையில் அழுக்குப் படாத வேலை இதுதான், அதனால் இதிலிருந்து தொடங்கலாம். ஜி.எம். வண்டியாக இருந்தால் முன்பக்கத்துக் கையுறைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பெட்டிக்குள்ளோ அதன் மூடியிலோ ஒரு வெள்ளை ஸ்டிக்கரில் மூன்று மூன்று எழுத்தாக வரிசையாகக் குறியீடுகள் இருக்கும். வண்டி ஆலையை விட்டு வெளியே வந்தபோது அதில் என்னென்ன போட்டிருந்தார்கள் என்ற பட்டியல் அது. அதில் ஜே.பி. என்று தொடங்கும் குறியீட்டைத் தேடுங்கள்: ஜே.பி.5, ஜே.பி.6, ஜே.பி.7, ஜே.பி.8. அதுதான் பிரேக் தொகுப்பின் குறியீடு. எண் கூடக்கூட பாரமான வண்டிக்கான பிரேக். உதிரிபாகக் கடையில் வருடம், மாடலோடு இந்தக் குறியீட்டையும் சொன்னால், தேர்வுகள் மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைந்துவிடும். ஆர்05 என்று இருந்தால் வண்டி ஆலையிலிருந்தே பின்னால் இரட்டை டயரோடு வந்தது என்று பொருள்.

ஃபோர்டில் ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரில் ஆக்ஸில் குறியீடு இருக்கும். பல டாட்ஜ் வண்டிகளில் பானெட்டின் உட்புறத்தில் ஒரு சிறிய உலோகத் தகட்டில் விவரங்களைப் பொறித்திருப்பார்கள்.

எந்த வண்டியானாலும் கதவுத் தூணில் இரண்டு எடைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று வண்டி சரக்கோடு சேர்த்துத் தாங்கக்கூடிய மொத்த எடை, மற்றது பின் ஆக்ஸில் மட்டும் தாங்கக்கூடிய எடை. உதிரிபாகப் பட்டியல்களில் "8,500 பவுண்டுக்கு மேல்", "8,600 பவுண்டுக்குக் கீழ்" என்றெல்லாம் பிரித்திருப்பது முதலாவது எடையைத்தான். ஒரே பெயர், ஒரே வருடம், ஆனால் இலகு ரகத்துக்கு ஒரு டிரம், கன ரகத்துக்கு வேறு டிரம் என்ற நிலைமையில் அந்த எடைதான் உங்களைக் காப்பாற்றும்.

ஸ்டிக்கர் பிறந்த நாளின் சாட்சி. இன்றைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை அது சொல்லாது. அதனால் அடுத்து வண்டிக்கு அடியில் போக வேண்டும்.

ஆக்ஸிலை அடையாளம் காணுங்கள்

டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் படுங்கள். ஆக்ஸில் நடுவில் உருண்டையாக நிற்கும் டிஃபரன்ஷியலின் பின் மூடியில் எத்தனை போல்ட் என்று எண்ணுங்கள்.

பதினான்கு என்றால் ஜி.எம். பன்னிரண்டு போல்ட்டோடு ஃபோர்டு வண்டியில் இருந்தால், 1985 முதல் வந்த ஃபோர்டின் சொந்த 10.25 அங்குல ஆக்ஸில். ஸ்டெர்லிங் என்று அழைப்பார்கள். பத்து என்றால் டேனா நிறுவனத்தின் ஆக்ஸிலாக இருக்கும். டேனா 60, 70, 80 மூன்றிலுமே பத்துதான். ஆனால் டேனா நல்ல காரியம் ஒன்று செய்திருக்கிறது: வார்ப்பு உடலின் விலா மேலேயே 60 அல்லது 70 என்று எண்ணைப் புடைப்பாக வார்த்திருப்பார்கள். கம்பி பிரஷால் துருவைத் தேய்த்துவிட்டுப் பாருங்கள். ஆக்ஸில் குழாயில் பொறித்த ஒரு நீண்ட எண்ணும் இருக்கும்; அது எந்த வண்டிக்காகச் செய்த ஆக்ஸில் என்பதை அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். மூடியின் போல்ட் ஒன்றில் சின்னத் தகடு தொங்கினால் அதையும் படம் எடுத்து வையுங்கள்.

ஜி.எம்.மில் இங்கே ஒரு குழப்பம் இருக்கிறது. 9.5 அங்குல ஆக்ஸிலுக்கும் மூடியில் பதினான்கு போல்ட், 10.5-க்கும் பதினான்கு போல்ட். "பதினான்கு போல்ட் ஆக்ஸில்" என்று மட்டும் சொன்னால் போதாது. இரண்டையும் பிரிக்கச் சக்கரத்தின் நடுவைப் பாருங்கள். சக்கரத்தின் மையத்திலிருந்து ஒரு பெரிய இரும்புக் குமிழ் வெளியே நீட்டி, அதன் முகத்தில் வட்டமாக எட்டு போல்ட்டுகள் இருந்தால் அது ஃபுல் ஃப்ளோட்டிங், அதாவது 10.5. வண்டியின் பாரத்தை ஹப்பே தாங்கிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் தண்டு சுழற்றுவதோடு சரி. நடுவில் தட்டையாக இருந்தால் செமி ஃப்ளோட்டிங், 9.5. சக்கரத்தில் எட்டு நட் இருப்பதால் மட்டும் கனமான ஆக்ஸில் என்று நினைத்துவிடாதீர்கள். 9.5-லும் எட்டு நட் வண்டிகள் உண்டு.

ஃபுல் ஃப்ளோட்டிங் என்று தெரிந்துவிட்டால் 11.15 கிட்டத்தட்ட ஓரம் போய்விட்டது. மீதி இருப்பது 13×2½-ஆ, 13×3½-ஆ என்ற கேள்வி.

டிரம்மைத் தொடும் முன் ஒரு பார்வை

சமதளத் தரையில் வண்டியை நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். பின்னால் தூக்கிவிட்டால் ஹேண்ட் பிரேக்கும் கியரும் வண்டியைப் பிடிக்காது. அப்புறம் முன் சக்கரத்துக் கட்டைதான் எல்லாம். ஜாக்கியில் தூக்கியதும் ஆக்ஸில் குழாய்களுக்கு அடியில் தாங்கும் ஸ்டாண்டுகளை வைத்து வண்டியை அவற்றின்மேல் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள்.

சக்கரத்தைக் கழற்றியதும், டிரம்முக்கு உட்பக்கம் ஷூக்களைத் தாங்கி நிற்கும் தகடான பேக்கிங் பிளேட்டின் ஓரத்திலிருந்து டிரம்மின் வெளி முகம் வரை அளவுகோலை வைத்துப் பாருங்கள். இரும்பின் தடிமனும் சேர்வதால் இந்த எண் லைனிங் அகலத்தை நேரடியாகச் சொல்லாது. ஆனால் 2½ அகல டிரம் தட்டையாகவும், 3½ அகல டிரம் ஒரு அடுக்குப் பாத்திரம் போல ஆழமாகவும் தெரியும். இரண்டையும் ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு கண்ணே சொல்லும்.

அப்படியே டிரம் எந்த வகையில் மாட்டியிருக்கிறது என்றும் பாருங்கள். சக்கரம் உட்காரும் முகம் டிரம்முடையதாக இருந்தால் டிரம்மை மட்டும் இழுத்துக் கழற்றலாம். சக்கரம் உட்காரும் முகம் ஹப்பின் தட்டாக இருந்து, டிரம் அதற்குப் பின்னால் ஒளிந்திருந்தால், ஹப்போடு சேர்த்துத்தான் டிரம் வரும். பழைய ஜி.எம். 10.5 ஆக்ஸில்கள் பலவற்றில் இந்த இரண்டாவது வகைதான். டிரம் வாங்கும்போது இந்தத் தகவல் மிக முக்கியம்: 13×3½ என்ற அளவு சரியாக இருந்தும், மாட்டும் வகை வேறு என்றால் அந்த டிரம் உங்களுக்குப் பயன்படாது.

கழற்றும் வேலை

ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள். பேக்கிங் பிளேட்டின் அடிப்பக்கத்தில் ரப்பர் அடைப்பு போட்ட ஒரு நீளத் துளை இருக்கும். அதன் வழியாக ஒரு மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் தானியங்கி அட்ஜஸ்டரின் நாக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் பல் சக்கரத்தைத் திருப்பி ஷூவைச் சுருக்குங்கள். பழைய டிரம்மின் ஓரத்தில் தேய்மானத்தால் ஒரு வரம்பு எழுந்து நிற்கும். ஷூவைச் சுருக்காமல் இழுத்தால் அது மாட்டிக்கொள்ளும். பலமாக அடித்தால் ஷூவைப் பிடித்திருக்கும் ஆணிகள் பிய்ந்து வரும்.

தனியாக வரும் டிரம் துருவால் ஹப்போடு ஒட்டியிருந்தால், நடுத் துளையைச் சுற்றித் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊற வையுங்கள். பிறகு சக்கர போல்ட்டுகளுக்கு நடுவிலுள்ள முகத்தில் சுத்தியலால் தட்டுங்கள். விளிம்பில் அடிக்கவே கூடாது. அது வார்ப்பிரும்பு, விரிசல் விடும்.

ஹப்போடு வரும் வகை என்றால் வேலை கூடும். அடியில் ஒரு தட்டு வைத்துக்கொண்டு எட்டு போல்ட்டைக் கழற்றி ஆக்ஸில் தண்டை உருவுங்கள். கியர் ஆயில் வழியும். உள்ளே பேரிங்கைப் பிடித்திருக்கும் பெரிய நட்டுக்கு அதற்கென்றே ஒரு சாக்கெட் வேண்டும். உளியால் தட்டித் திருப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மரையும் நட்டும் கெட்டுவிடும், செய்யாதீர்கள். ஹப்பும் 13 அங்குல டிரம்மும் சேர்ந்து சிமெண்ட் மூட்டையைக் கட்டித் தூக்குவது போலக் கனக்கும். ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது புது சீல் கட்டாயம். பேரிங்கை எவ்வளவு இறுக்குவது என்பதற்கு உங்கள் ஆக்ஸிலுக்கான பணிமனைக் கையேட்டின் அளவை மட்டும் பின்பற்றுங்கள்.

டிரம் வந்ததும் உள்ளே கறுப்புத் தூள் குவிந்திருக்கும். அதை வாயால் ஊதவோ கம்ப்ரஸர் காற்றால் அடிக்கவோ வேண்டாம். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் சேர்த்திருந்தார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1989-இல் கொண்டுவந்த தடையின் பெரும்பகுதியை 1991-இல் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அதனால் 1990களின் ஷூதானே என்று அசட்டையாக இருக்க முடியாது. முகக்கவசம் போட்டு, பிரேக் கிளீனரோ தண்ணீரோ தெளித்து ஈரமாக்கி, துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.

அளப்பது: இங்கேதான் பிழை நடக்கும்

டிரம்மில் ஓர் எண் வார்த்திருக்கும், உதாரணமாக "மேக்ஸ் டயா 13.060". அதைப் பார்த்துவிட்டு "என் டிரம் 13.06 அங்குலம்" என்று கடையில் கேட்கிறவர்கள் உண்டு. அது டிரம்மின் அளவு இல்லை. தேய்ந்து தேய்ந்து அந்த விட்டத்தை எட்டிவிட்டால் தூக்கி எறிய வேண்டும் என்ற எல்லை. இந்த வகை டிரம்களில் புது அளவைவிட 0.060 அங்குலம் கூடுதலாக எல்லையை வைப்பது வழக்கம். ஆக அந்த எண்ணிலிருந்து 0.060-ஐக் கழித்தால் உங்கள் டிரம்மின் பிறந்த அளவு கிடைக்கும். 13.060 என்றால் 13; 12.060 என்றால் 12, 11.210 என்றால் 11.15. மில்லிமீட்டரில் பொறித்திருந்தால் 331.7 என்பது 13 அங்குல டிரம், 306.3 என்பது 12 அங்குல டிரம், 284.7 என்பது 11.15.

எண் துருவில் மறைந்து போயிருந்தால் நேரடியாக அளக்க வேண்டும். டிரம் அளக்கும் மைக்ரோமீட்டர் இருந்தால் சிறப்பு. இல்லையென்றால் நீளமான வெர்னியர் காலிபர் போதும். ஓரத்தில் எழுந்த வரம்பின் மேல் வைத்து அளந்தால் குறைவான எண் வரும். ஷூ உரசும் பளபளப்பான பகுதிக்குள் வைத்து அளந்துவிட்டு, டிரம்மைக் கால் சுற்றுத் திருப்பி இன்னொரு முறை அளங்கள். இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் டிரம் வட்டம் கெட்டிருக்கிறது; அதைக் கடைசலில் கொடுப்பதா, புதிது வாங்குவதா என்பது எல்லை எண்ணைப் பொறுத்தது.

வந்த எண்ணை எப்படிப் படிப்பது? ஒரு விதி போதும்: டிரம் தேயத் தேய விட்டம் கூடும், ஒரு நாளும் குறையாது. 13.04 வந்தால் அது 13 அங்குல டிரம், ஆயுள் முடியப் போகிறது. 12.05 வந்தால் அது தேய்ந்த 12 அங்குல டிரம்தான். 12⅛ என்பது 12.125, அது ஒருபோதும் 12.05 ஆகச் சுருங்காது. 11.08 வந்தால் ஜி.எம்.மின் 11.15 ஆக இருக்க வாய்ப்பே இல்லை, ஃபோர்டின் 11.03 ஆக இருக்கலாம். எனவே அளந்த எண்ணுக்குக் கீழே இருக்கும் மிக அருகிலான புது அளவைத் தேடுங்கள், மேலே போகாதீர்கள்.

அகலத்தைப் பழைய ஷூவில் அளப்பதே எளிது. லைனிங் எவ்வளவு தேய்ந்தாலும் தடிமன்தான் குறையும். அகலம் புதிதாக இருந்தபடியே இருக்கும். லைனிங்கின் குறுக்கே காலிபரை வையுங்கள்: 63.5 மில்லிமீட்டர் என்றால் 2½, 70-ஐ ஒட்டி வந்தால் 2¾, 76 என்றால் 3, 89 என்றால் 3½. முன்பக்க ஷூவில் லைனிங் நீளம் குறைவாகவும் பின்பக்க ஷூவில் நீளமாகவும் இருக்கும். அது இந்தப் பிரேக்கின் அமைப்பே அப்படி. அகலம் இரண்டிலும் ஒன்றுதான்.

ஆனால் பழைய ஷூவே தப்பாகப் போட்டதாக இருந்தால்? அதையும் டிரம் காட்டிக் கொடுக்கும். உட்பரப்பில் ஷூ உரசிய இடம் கண்ணாடி போல மின்னும். மின்னும் பட்டைக்குப் பக்கத்தில் கணிசமான அகலத்துக்குத் துருப்பிடித்த பட்டை இருந்தால், டிரம்மைவிடக் குறுகிய ஷூவை யாரோ போட்டிருக்கிறார்கள். அப்போது டிரம்மின் உரசும் பரப்பையும் அளந்து, அதற்குரிய அகலத்தை முடிவு செய்யுங்கள். புதிய ஷூவைவிட டிரம்மின் பரப்பு கொஞ்சம் அதிகமாக இருப்பது இயல்பு. அரை அங்குலம், முக்கால் அங்குலம் என்று அதிகமாக இருந்தால் இயல்பில்லை.

லைனிங்கின் ஓரத்தில் நீண்ட குறியீடு ஒன்று அச்சிட்டிருக்கும். அதன் கடைசியில் வரும் ஈ.ஈ., எஃப்.எஃப். போன்ற இரண்டு எழுத்துகளை அளவு என்று நினைக்க வேண்டாம். உராய்வு எவ்வளவு என்று சொல்லும் எழுத்துகள் அவை: முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில், இரண்டாவது எழுத்து கொதிக்கும்போது.

ஒரு பக்கம் அளந்துவிட்டு மறுபக்கமும் அப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். அவசரத்துக்கு ஒரு பக்கம் மட்டும் டிரம் மாற்றிய வண்டிகள் இருக்கின்றன.

வீல் சிலிண்டரையும் விடாதீர்கள்

டிரம்மைத் திறந்தபின் வீல் சிலிண்டர் (பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் ஷூவைத் தள்ளும் சிறு உருளை) கசிகிறதா என்று பார்க்காமல் மூடுவது பாதி வேலை. ரப்பர் உறையை லேசாக விலக்கி உள்ளே பாருங்கள். ஈரமாக இருந்தால் மாற்றுங்கள். ஆனால் இதிலும் அளவு உண்டு. ஜி.எம்.மின் 13 அங்குல பிரேக்குகளில் 2½ அகலத்தோடு பெரும்பாலும் 1-1/16 அங்குலத் துளை சிலிண்டரும், 3½ அகலத்தோடு 1-3/16 அங்குலமும் வரும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் சகோதரர்கள் போல இருக்கும். துளை பெரிதானால் ஷூவைத் தள்ளும் விசை கூடும், பின் சக்கரம் சீக்கிரம் பூட்டும். சரக்கில்லாத பிக்கப்பில், மழைத் தரையில் பின் சக்கரம் முதலில் பூட்டினால் வண்டி வால் திரும்பிவிடும்.

அகலமான டிரம் கிடைக்கிறது, மாட்டிவிடலாமா என்று கேட்கிறவர்களுக்கும் என் பதில் இதுதான். முன்னும் பின்னும் எவ்வளவு பிரேக் என்பதை மாஸ்டர் சிலிண்டரும் வால்வும் சேர்ந்து பிரித்துக் கொடுக்கின்றன. பின்னால் மட்டும் பெரிதாக்கினால் அந்தக் கணக்கு கெடும். ஆக்ஸில் மாற்றிய வண்டியை வாங்கியிருந்தால், ஆளில்லாத இடத்தில் மெதுவான வேகத்தில் பிரேக்கை அழுத்தி எந்தச் சக்கரம் முதலில் பூட்டுகிறது என்று பார்த்துவிட்டு, சந்தேகம் வந்தால் நல்ல பிரேக் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கடையில் கேட்க வேண்டிய விதம்

"1985 கே20 பின் ஷூ" என்று கேட்காதீர்கள். "ஜி.எம். 10.5 அங்குல ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்ஸில், 13×3½, டிரம் ஹப்புக்குப் பின்னால் மாட்டும் வகை" என்று கேளுங்கள். பட்டியலில் தேடுகிறவருக்கு அது போதவில்லை என்றால், அந்த ஆக்ஸில் முதலில் எந்த வண்டியில் வந்ததோ அந்த வண்டியின் வருடமும் மாடலும் கொடுங்கள். என் கே20-க்கு இன்றும் ஒரு டன் வண்டியான கே30-இன் பெயரில்தான் பின் பிரேக் பொருள்கள் வாங்குகிறேன்.

பழைய ஷூ ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். புதியதன் மேல் வைத்து, வளைவு, அகலம், துளைகள் இருக்கும் இடம், ஹேண்ட் பிரேக் நெம்பு மாட்டும் துளை, நான்கும் பொருந்துகிறதா என்று அங்கேயே பாருங்கள். டிரம் வாங்கினால் புது ஷூவை அதற்குள் வைத்து ஒரு சுற்று நகர்த்துங்கள். பெட்டியில் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. இணையத்தில் வாங்கினால், புதுப் பொருள் வந்து அளந்து பார்த்த பிறகே ஹப்பைக் கழற்றுங்கள். அதற்கு முன்பே ஒரு முறை கழற்றி அளந்திருந்தால் பழைய ஷூவையே போட்டு மூடி வைத்துவிடலாம், அவசரமில்லை.

எல்லாம் மாட்டி, அட்ஜஸ்டரைத் திருப்பி, டிரம்மில் ஷூ லேசாக உரசும் சத்தம் கேட்கும்போது நிறுத்துங்கள். பிரேக் ஆயில் குழாயைப் பிரித்திருந்தால் காற்று நீக்குங்கள். பிறகு வெள்ளைப் பெயிண்ட் பேனாவை எடுத்து, பேக்கிங் பிளேட்டின் உள் பக்கத்தில் டிரம் விட்டம், லைனிங் அகலம், சிலிண்டர் துளை மூன்றையும் எழுதுங்கள். அதையே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கையுறைப் பெட்டி ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். என் வண்டியில் அந்த ஆக்ஸிலை மாற்றியவர் இதைச் செய்திருந்தால் எனக்கு அந்தச் சனிக்கிழமை மிஞ்சியிருக்கும்.